கொலு பார்க்கில் தெப்பக்குளம்: மல்லாரி பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

கொலுப்படி (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டும் இடத்தில் இந்த வருஷம் தெப்பக்குளம் செய்திருக்கிறேன். நடுவில் நீராழி மண்டபம், நாலு பக்கமும் படிக்கட்டு, தெர்மாகோலில் ஒரு தெப்பம். படிக்கட்டு விளிம்பு முழுக்க எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓடுகிறது. கொலு பார்க்க யாராவது வந்து நின்றால் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குளத்தைச் சுற்றி எரிய வேண்டும், கூடவே மல்லாரி (சாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிப்பது) ஒலிக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் விளக்கு அணைய வேண்டும்.

சாமான்கள்: அர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) ஒன்று. மீட்டருக்கு 60 விளக்கு கொண்ட டபிள்யூ.எஸ்.2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியாக மாற்றலாம்) 2 மீட்டர். டி.எஃப்.பிளேயர் மினி (மெமரி கார்டிலிருந்து பாட்டு வாசிக்கும் சின்ன போர்டு), 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க எச்.சி.எஸ்.ஆர்.501 பி.ஐ.ஆர். சென்சார். கரண்டுக்கு வீட்டிலிருந்த 2 ஆம்பியர் மொபைல் சார்ஜர். அது நானோவின் யு.எஸ்.பி. வழியாகப் போகிறது. மற்ற எல்லாமே நானோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து (ஒயர் மாட்டும் முனை) எடுத்திருக்கிறேன்.

விளக்கு மட்டும் போட்டால் அருமையாக ஓடுகிறது. பாட்டு மட்டும் போட்டாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால், சுற்று முடிந்து எல்லா விளக்கும் வெள்ளையாகும் நேரத்தில் பாட்டு அறுந்து, ஒரு நொடி கழித்து முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. இது தவிர, அறையில் ஆளே இல்லாதபோதும் தானாகத் தொடங்கிவிடுகிறது. நிரலை இணைப்பில் போட்டிருக்கிறேன். அதில் எங்கே ஓட்டை என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை (சென்னை)

நானோவெல்லாம் பழைய காலம். ஈ.எஸ்.பி.32 என்ற புது போர்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு கோர், ஏகப்பட்ட மெமரி, மூன்று சீரியல் போர்ட். பிரச்சினை தீர்ந்தது.

பழைய_வால்வு (மதுரை)

நிரலை நான் திறக்கக்கூட இல்லை. முதலில் கரண்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு விளக்குக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் முழுசாக எரிந்தால் 20 மில்லி ஆம்பியர் வரை. ஆக, வெள்ளை எரியும்போது ஒரு விளக்குக்கு 60. உங்களிடம் 120 விளக்கு. பெருக்கினால் 7.2 ஆம்பியர். சார்ஜர் 2 ஆம்பியர்தான் தரும். அதுவும் நேராகப் போகவில்லை, நானோவில் யு.எஸ்.பி.க்கும் 5 வோல்ட் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன டயோடு உட்கார்ந்திருக்கிறது. அரை ஆம்பியர் தாங்கும் வகையறா. விளக்கு வெள்ளையாக எரியும்போது அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்மா, சுடும்.

விளக்கு மட்டும் ஓடுகிறது, பாட்டு மட்டும் ஓடுகிறது, சேர்த்தால் படுக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் மீட்டரைத்தான் கையில் எடுப்பேன். ரேடியோ ரிப்பேர் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

ஓம்_விதி (கோவை)

வால்வு ஐயா சொன்னதுதான் என் சந்தேகமும். ஆனால் கரண்ட் போதவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், புது அடாப்டர் வாங்கிய பிறகும் பாதிச் சிக்கல் மிச்சம் இருக்கும். விழுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நானோவே ரீசெட் ஆகிறதா, இல்லை பிளேயர் மட்டும் விழுகிறதா?

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிரலின் செட்அப் பகுதியில் (நானோ தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் பகுதி), முதல் விளக்கை மட்டும் ஒரு நொடி நீலமாக எரியவிட்டு அணைக்கும்படி இரண்டு வரி சேருங்கள். வேறு எங்கேயும் அந்த நீலம் வரக்கூடாது. பாட்டு அறுகிறபோது நீலம் தெரிந்தால் நானோ விழுகிறது. தெரியாவிட்டால் நானோ உயிரோடுதான் இருக்கிறது, பிளேயர்தான் மயங்கி விழுகிறது.

கூடவே இன்னும் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் வெள்ளையாக இருக்கும்போது ஸ்ட்ரிப்பின் கடைசி விளக்குகளும் அதே வெள்ளைதானா? ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் எத்தனை வோல்ட் வருகிறது? பாட்டு அறுகிற இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றேதானா?

கொலுப்படி

பார்த்துவிட்டேன்.

நீலம் வரவே இல்லை. பாட்டு அறுந்த பிறகும் விளக்கு கொஞ்சம் எரிந்து, பிறகு முறைப்படி மங்கி அணைகிறது. உடனே மறுபடி சுற்று தொடங்குகிறது.

கடைசிப் பக்கம் வெள்ளை இல்லை. குளத்தின் முதல் இரண்டு பக்கம் வெள்ளை, மூன்றாவது பக்கம் லேசாக மஞ்சள், நாலாவது பக்கம் பழுத்த இலை நிறம். ஸ்ட்ரிப்பே அப்படித்தான் வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மீட்டரில் நானோ பின்னில் 4.2, ஸ்ட்ரிப்பின் கடைசியில் 3.4. டயோடு உண்மையிலேயே சுடுகிறது ஐயா, விரலை வைக்க முடியவில்லை.

அறுகிற இடம் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். நாதஸ்வரம் மட்டும் இழையும்போது ஒன்றும் ஆவதில்லை. தவில் ஓங்கி விழுகிற இடத்தில்தான் அறுகிறது. வால்யூமை 30இல் வைத்திருக்கிறேன்.

ஓம்_விதி

தவில்தான் முக்கியமான தடயம். நடப்பது இதுதான்.

டி.எஃப்.பிளேயர் 3.2 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை ஓடும். மீட்டர் 4.2 காட்டுகிறதே, போதாதா என்று தோன்றும். மீட்டர் காட்டுவது சராசரி. ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரும் பிளேயருக்குள்ளேயேதான் இருக்கிறது. தவில் அடி விழும் கணத்தில் அது சட்டென்று கரண்டை இழுக்கும். ஏற்கெனவே விளக்குகள் இழுத்து 4.2க்கு வந்துவிட்ட சப்ளை, அந்தக் கணம் இன்னும் கீழே போய் வருகிறது. சில மில்லி நொடிப் பள்ளம் மீட்டரில் தெரியாது, ஆஸிலோஸ்கோப் வைத்தால் தெரியும். நானோவின் பிரவுன்-அவுட் எல்லை (இதற்குக் கீழே போனால் ரீசெட் ஆகும்) 2.7 வோல்ட் என்று வைத்திருப்பார்கள், அதனால் நானோ தப்பித்துக்கொள்கிறது. பிளேயர் தப்பிக்கவில்லை.

இப்போது உங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். நிரல் சரியாகத்தான் இருக்கிறது, சரியாக இருப்பதால்தான் இப்படி நடந்துகொள்கிறது. பாட்டு ஓடும்வரை பிளேயரின் பிஸி பின் கீழே இருக்கும், முடிந்தால் மேலே போகும். நீங்கள் அதைப் பார்த்துத்தான் விளக்கை அணைக்கிறீர்கள். பிளேயர் மயங்கி எழுந்ததும் பிஸி மேலே போகிறது. நானோவைப் பொறுத்தவரை பாட்டு முடிந்துவிட்டது, விளக்கை அணைக்கிறது. அடுத்து சென்சாரைப் பார்க்கிறது. சென்சாருக்கென்று தனியாக ஒரு நேர அமைப்பு இருக்கிறது, ஆள் நகர்ந்த பிறகும் அதன் வெளியீடு சில நொடி முதல் சில நிமிடம் வரை மேலேயே நிற்கும். நானோ அதைப் புது ஆள் என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பிளேயர் தானாகப் பாட்டைத் திருப்பிப் போடவில்லை, நானோதான் போடச் சொல்கிறது.

கடைசிப் பக்கம் பழுப்பதற்கும் காரணம் அதே சப்ளைதான். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் வேண்டும். வோல்ட் குறைந்தால் முதலில் நீலம் சோர்ந்துபோகும். வெள்ளையில் நீலம் குறைந்தால் மஞ்சள், பச்சையும் குறைந்தால் காவி. உங்கள் ஸ்ட்ரிப் நல்ல ஸ்ட்ரிப்தான்.

யாழ்_மின்மினி (யாழ்ப்பாணம்)

நல்ல விளக்கம். எனக்கும் போன வெசாக் கூட்டுக்கு (புத்த பூர்ணிமாவுக்கு ஏற்றும் அலங்கார விளக்கு) இதே பிளேயரோடு ஒரு மல்லுக்கட்டு நடந்தது. மூன்று குறிப்பு சொல்கிறேன் அக்கா.

நானோவிலிருந்து பிளேயரின் ஆர்.எக்ஸ். (தரவு வாங்கும்) பின்னுக்குப் போகிற ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் பிளேயரின் இரண்டு ஸ்பீக்கர் பின்னுக்கு மட்டும் கொடுங்கள். ஒன்றைக் கிரவுண்டில் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். மூன்றாவது, பாட்டுகளை மெமரி கார்டில் எம்பி3 என்ற ஃபோல்டருக்குள் 0001, 0002 என்று நாலு இலக்கப் பெயரோடு போட்டு, அந்த ஃபோல்டரிலிருந்து வாசிக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சாதாரண பிளே கட்டளை கார்டில் எது முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் ஒன்று என்று எண்ணும். என் நண்பனின் மேக் கணினியில் காப்பி செய்தபோது கண்ணுக்குத் தெரியாத துணை ஃபைல்களும் சேர்ந்து ஏறி, எந்த எண்ணைக் கேட்டாலும் வேறு பாட்டு வந்தது.

இரவுப்பறவை

இதற்குத்தான் முதலிலேயே ஈ.எஸ்.பி.32 என்றேன். ஸ்ட்ரிப்புக்குத் தரவு அனுப்பும்போது நானோ இன்டரப்டை (வெளியிலிருந்து வரும் அவசர சிக்னலைக் கவனிப்பதை) நிறுத்திவிடும். பிளேயரோடு பேசும் சாஃப்ட்வேர் சீரியல் அதோடு ஒத்துப்போகாது.

ஓம்_விதி

தம்பி, அது பாதி உண்மை, சொல்ல வேண்டியதும்கூட. ஒரு விளக்குக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி, ஆக விளக்குக்கு 30 மைக்ரோ நொடி. 120 விளக்குக்கு 3.6 மில்லி நொடி நானோ காதைப் பொத்திக்கொள்ளும். 9600 வேகத்தில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோ நொடி. அந்த இடைவெளியில் பிளேயர் பதில் அனுப்பினால் மூன்று பைட்டுக்கு மேல் தொலைந்துபோகும். ஆனால் அவர் பிளேயரின் பதிலைப் படிக்கவே இல்லை, பிஸி பின்னைத்தான் பார்க்கிறார். கட்டளை அனுப்பும்போது தொல்லை இல்லை. அதனால் இங்கே அது குற்றவாளி இல்லை.

ஈ.எஸ்.பி.32 நல்ல சில்லுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்னிலிருந்து வருவது 3.3 வோல்ட். டபிள்யூ.எஸ்.2812பி தரவை மேல்நிலை என்று உத்தரவாதமாக ஏற்க, அதன் சப்ளையில் 0.7 பங்கு வேண்டும். 5 வோல்ட் சப்ளை என்றால் 3.5. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்போது இவர் சப்ளை 4.2க்குப் படுத்திருக்கிறது, அதற்கு 2.94 போதும். ஆகவே ஈ.எஸ்.பி.32ஐ இன்றைக்கு மாட்டினால் விளக்கு எரியும். நல்ல அடாப்டர் வாங்கி சப்ளை 5க்கு ஏறியதும் விளக்குகள் கண்டபடி மின்ன ஆரம்பிக்கும். புது அடாப்டரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வழியில் போனால் நடுவில் 74ஏ.எச்.சி.டி.125 மாதிரி ஒரு லெவல் ஷிஃப்டர் (சிக்னலின் வோல்ட்டை ஏற்றித் தரும் சில்லு) கட்டாயம். நவராத்திரிக்கு முன்னால் போர்டை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இரவுப்பறவை

சரி, லெவல் ஷிஃப்டர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சீரியல் போர்ட் பாயிண்ட் என் பக்கம்தான் :)

பழைய_வால்வு

போர்டுச் சண்டை போதும், வேலையைப் பார்ப்போம். கொலுப்படி அம்மா, கடைத்தெருவில் 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை 5 வோல்ட் ஆக்கும் சப்ளை) ஒன்று வாங்குங்கள். ஓட்டை போட்ட தகரப் பெட்டி மாதிரி இருக்கும். அதிலிருந்து ஸ்ட்ரிப்பின் தலைக்கும் வாலுக்கும் தனித்தனியாக நல்ல தடிமன் ஒயர் இழுங்கள். பிரெட்போர்டுக்கு வரும் ஜம்பர் ஒயர் இதற்கு ஆகாது. அதன் உள்ளே தலைமுடி மாதிரி நாலு கம்பிதான் இருக்கும், பாதி வோல்ட் அங்கேயே செத்துப்போகும்.

ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. முனை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், கோடு போட்ட பக்கம் கிரவுண்ட். டேட்டா ஒயரில் 330 ஓம். நானோ, பிளேயர், ஸ்ட்ரிப் எல்லாவற்றின் கிரவுண்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரே திருகில் வந்து சேர வேண்டும். பிளேயருக்கு 5 வோல்ட்டை நானோ வழியாக இல்லாமல் நேராகக் கொடுங்கள்.

ஓம்_விதி

ஒயரிங் பற்றி ஐயா சொன்ன அத்தனையும் சரி. எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தகரப் பெட்டியில் 230 வோல்ட் திருகுகள் வெளியே திறந்தபடி இருக்கும். கொலுவுக்கு வருவது பாதிக்குமேல் குழந்தைகள். படிக்கு விரிக்கிற வேட்டியோ பட்டோ அதன்மேல் விழும், காற்றோட்டம் அடைபடும். குளத்தில் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறீர்களா?

அவ்வளவு கரண்ட் தேவையும் இல்லை. தெப்பக்குளத்தில் எரிவது அகல் விளக்கு, ஸ்டேடிய விளக்கு இல்லை. அப்பட்டமான வெள்ளைக்குப் பதிலாக சிவப்பு 255, பச்சை 147, நீலம் 41 என்று வைத்துப் பாருங்கள், மெழுகுவர்த்தி நிறம் வரும். வெள்ளையோடு பார்த்தால் இதற்கே கிட்டத்தட்ட பாதிக்குச் சற்று மேல் கரண்டுதான். பிரகாசத்தை 255இல் 80 என்று இறக்கினால் மொத்தமும் ஒன்றரை ஆம்பியர் அளவில் நின்றுவிடும். இருட்டறையில் 80 என்பதே கண்ணைக் கூசும். நீங்கள் பயன்படுத்தும் ஃபாஸ்ட்எல்இடி நூலகத்தில் வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் கொடுத்து உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. 5 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் என்று ஒரு வரி எழுதினால், கூடுதலாகக் கேட்கும் காட்சிகளில் அதுவே பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். நன்றாக மூடிய 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் தாராளம்.

பழைய_வால்வு

குழந்தைகள் விஷயம் நியாயம், அடாப்டருக்கே என் ஓட்டும். ஆனால் நிரலில் வரம்பு வைப்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அது கணக்குப் போட்டு ஊகிப்பதுதான், கரண்டை அளந்து பார்ப்பதில்லை. நிரல் எங்கேயாவது தொங்கிவிட்டால் விளக்குகள் கடைசியாக வாங்கிய நிறத்தையே பிடித்துக்கொண்டு எரியும். ஒயரில் ஏதாவது இடித்து டேட்டா குழம்பினால் எல்லாம் முழு வெள்ளையாவதும் உண்டு. ஸ்ட்ரிப்புக்குப் போகும் 5 வோல்ட் ஒயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். சில ரூபாய் சமாச்சாரம்.

கொலுப்படி

குளத்தில் தண்ணீர் இல்லை சார், நீலக் கண்ணாடித் தாள்தான். முதலில் தண்ணீர்தான் யோசித்தேன், மாமியார் தடுத்துவிட்டார்.

மூடிய 4 ஆம்பியர் அடாப்டர், இரண்டு முனைக்கும் ஒயர், கெபாசிட்டர், ஃபியூஸ் எல்லாம் போட்டாயிற்று. பிளேயர் வால்யூம் 22. இப்போது ஸ்ட்ரிப்பின் கடைசியில் 4.8 வோல்ட் வருகிறது. நாலு பக்கமும் ஒரே நிறம். மல்லாரி தொடக்கத்திலிருந்து கடைசிவரை அறாமல் ஓடுகிறது! அகல் நிறம் வெள்ளையைவிட எவ்வளவோ அழகு, மண்டபத்தின் தூண் நிழல் கண்ணாடித் தாளில் விழுகிறது.

விளக்கு சுற்றும்போது ஸ்பீக்கரில் கேட்ட கர்ர் சத்தம் 1 கிலோ ஓம் போட்டதில் குறைந்தது, பிளேயரின் கிரவுண்டை அடாப்டர் முனைக்கே நேராகக் கொண்டுபோனதில் மீதியும் போய்விட்டது.

ஆனால் ஆளில்லாமல் தானாகத் தொடங்குவது மட்டும் நிற்கவில்லை. முன்பு எப்போதும் நடந்தது. இப்போது பகலில் ஒழுங்காக இருக்கிறது, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நிமிஷத்துக்கு ஒருமுறை யாரோ வந்ததாகச் சொல்கிறது. மாமியார் அம்பாள்தான் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்கிறார்.

இரவுப்பறவை

அம்பாள் வரட்டும், நல்லதுதான். ஆனால் பி.ஐ.ஆரைத் தூக்கிவிட்டு ஆர்.சி.டபிள்யூ.எல்.0516 ரேடார் போடுங்கள். மரம், அட்டை, துணி எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்கும். படிக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம், வெளியே தெரியாது.

யாழ்_மின்மினி

ஊடுருவிப் பார்ப்பதுதான் அதன் கரைச்சல். மெல்லிய சுவர் என்றால் பக்கத்து அறையில் நடப்பவரையும் பார்க்கும். மேலே ஓடுகிற மின்விசிறி, சமையலறையில் நடமாட்டம் எல்லாவற்றுக்கும் மல்லாரி வாசிக்கும்.

பழைய_வால்வு

பி.ஐ.ஆர். சென்சாருக்கு 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது? அதற்குள் வருகிற சிக்னல் மிகச் சின்னது, அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித்தான் பார்க்கிறது. சப்ளையில் ஒரு நடுக்கம் வந்தால் அதையும் ஆள் என்று நினைக்கும். விளக்கு அணைந்த மறுநொடி தானாகத் தொடங்கியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சென்சார் 5 வோல்ட் ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டர், அதற்கு அந்தப் பக்கம் கிரவுண்டுக்கு 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். அது குடிக்கிற கரண்ட் மில்லி ஆம்பியரில் ஒரு துளிதான், 100 ஓமில் ஒன்றும் குறையாது.

இது செய்தும் சாயங்காலம் மட்டும் தொல்லை என்றால் கரண்டை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். பகலில் இல்லாதது சாயங்காலம் என்ன வருகிறது? விளக்கு வைத்த பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த விளக்கு?

கொலுப்படி

குத்துவிளக்கு! கொலுவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஏற்றுகிறோம். ஐந்து முகமும் ஏற்றுவோம். ஃபேன் ஓடும்போது சுடர் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஐயா சொன்ன ரெசிஸ்டர், கெபாசிட்டர் போட்டேன். விளக்கு அணைந்ததும் தொடங்குவது நின்றது. அப்புறம் சென்சாருக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு தாம்பாளத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. தாம்பாளத்தை எடுத்ததும் மல்லாரி. ஃபேனை நிறுத்தினால் இடைவெளி கூடுகிறது, ஆனாலும் வருகிறது.

விளக்கை நகர்த்த வழியில்லை. அது எங்கே, எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும் என்பது வீட்டில் முடிவான விஷயம். சென்சாரைத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

ஓம்_விதி

அருமையான சோதனை. பி.ஐ.ஆர். பார்ப்பது ஆளை இல்லை, வெப்பத்தின் மாற்றத்தை. உள்ளே இரண்டு பட்டைகள் எதிரெதிராக இணைந்திருக்கும். ஒன்றில் விழும் வெப்பம் மற்றதில் விழுவதிலிருந்து மாறினால் சிக்னல் வரும். அசையாத வெப்பம் எவ்வளவு இருந்தாலும் கண்டுகொள்ளாது, அசைகிற சுடரை விடவே விடாது. மேலே இருக்கும் வெள்ளைக் குவிமாடம் பல சின்ன லென்ஸ்கள் சேர்ந்தது. அறையைத் துண்டு துண்டாகப் பிரித்து உள்ளே அனுப்பும். 100 டிகிரிக்குமேல் அகலமாகப் பார்ப்பதால் உங்கள் இரண்டு குத்துவிளக்கும் அதன் கண்ணில் படுகிறது.

அகலத்தைக் குறைப்பதுதான் வழி. இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து சென்சாருக்கு முகமூடி மாதிரி மாட்டுங்கள். ஆள் நிற்கும் இடம் மட்டும் தெரியும்படி திருப்புங்கள். குழாய் அசிங்கமாக இருந்தால், லென்ஸில் விளக்குப் பக்கம் இருக்கும் கட்டங்களைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைத்தாலும் போதும். குழாயில் குறி வைப்பது சுலபம் என்பதால் என் சிபாரிசு குழாய்.

சென்சாரின் திருகுகளில் நேரத்தைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை நானோ பார்த்துக்கொள்ளும். விளக்கு அணைந்த பிறகு ஐந்து நொடி சென்சாரைப் படிக்கவே வேண்டாம் என்று நிரலிலும் ஒரு வரி சேருங்கள். அங்கே டிலே (நிரலையே நிறுத்திவைக்கும் கட்டளை) போடாமல் மில்லிஸ் (ஓடிய நேரத்தைச் சொல்லும் கட்டளை) வைத்து எண்ணுங்கள்.

புதுசு (ஈரோடு)

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கிறது. 7805 ஐ.சி. போட்டு 5 வோல்ட் ஆக்கி இந்த மாதிரி ஸ்ட்ரிப்பை ஓட்டலாமா?

பழைய_வால்வு

வேண்டாம் தம்பி. 12இல் 5 போக மீதி 7 வோல்ட்டை 7805 வெப்பமாகத்தான் கொட்டும். ஒன்றரை ஆம்பியர் என்றால் 10 வாட்டுக்கு மேல். பெரிய ஹீட்சிங்க் இல்லாமல் தாங்காது, சூடு தாங்காமல் அணைந்து அணைந்து எரியும். பக் கன்வெர்ட்டர் மாட்யூல் (இவ்வளவு சூடாக்காமல் வோல்ட்டைக் குறைப்பது) வாங்குங்கள். ஸ்ட்ரிப்பில் மாட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள். சில மாட்யூல்கள் வரும்போதே 12ஐ அப்படியே விடும்படி திருகியிருக்கும், ஸ்ட்ரிப் ஒரு நொடியில் காலி.

புதுசு

நன்றி ஐயா. நல்லவேளை கேட்டேன்.

கொலுப்படி

குழாய் மாட்டிவிட்டேன். கோபுரப் படம் ஒட்டிய அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வெளியே வாய் மட்டும் தெரியும். இரண்டு குத்துவிளக்கும் ஏற்றி, ஃபேனையும் முழு வேகத்தில் விட்டுவிட்டு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். ஆள் வந்தால் மட்டும்தான் வாசிக்கிறது. பக்கத்து வீட்டுப் பொடியன் குனிந்து தவழ்ந்து வந்து ஏமாற்றப் பார்த்தான், அவனுக்கும் வாசித்தது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கரண்ட் போய் வந்ததும் முதல் ஒரு நிமிஷம் ஆளில்லாமலே ஒன்றிரண்டு முறை தொடங்குகிறது. இது குழாயிலும் நிற்கவில்லை.

யாழ்_மின்மினி

அது சென்சாரின் இயல்பு அக்கா, பழுது இல்லை. கரண்ட் வந்ததும் அறையின் வெப்பத்துக்குப் பழகி நிலைக்கு வர அதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வேண்டும். அதுவரை சும்மா சும்மா மேலே போய் வரும். செட்அப்பில் முதல் 60 நொடிக்கு சென்சாரைப் பார்க்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் மண்டபத்து விளக்கு ஒன்றை மட்டும் மெல்ல எரியவிட்டால், ஓடிக்கொண்டிருக்கிறதா என்று வீட்டில் கேட்க மாட்டார்கள்.

கொலுப்படி

60 நொடி சேர்த்தாயிற்று, மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. திருத்திய நிரலையும் ஒயரிங் படத்தையும் முதல் பதிவிலேயே மாற்றிப் போட்டிருக்கிறேன். டேட்டா 6ஆம் பின், சென்சார் 2, பிஸி 3, பிளேயருக்கு 10, 11. ஃபியூஸ் ஒயர் படத்தில் சிவப்பு. எல்லோருக்கும் நன்றி. கும்பகோணம் பக்கம் வந்தால் சுண்டலுக்கு வாருங்கள்.

இரவுப்பறவை

வருகிறேன் அக்கா. ஈ.எஸ்.பி.32 ஒன்றும் கையில் கொண்டுவருகிறேன்.

பழைய_வால்வு

லெவல் ஷிஃப்டரையும் மறக்காமல் கொண்டுபோ தம்பி.